இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில் இடம் குறிப்பது எப்படி?

காக்கிநாடாவுக்கு அப்பால், வங்காள விரிகுடாவில், கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் கேஜி-டி6 பகுதியில் ஆர் கிளஸ்டர் என்ற எரிவாயு வயல் 2020 டிசம்பரில் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கே கடலின் ஆழம் 2,000 மீட்டருக்கும் மேல். கிணறுகளுக்கு நேர் மேலே மேடையோ கோபுரமோ கிடையாது. வாயு கடலடிக் குழாய் வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் பயணித்து, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த ஒரு மேடைக்கு வந்து சேர்கிறது.

இப்படிப்பட்ட வயல்களில் முக்கியமான சாமான்கள் எல்லாம் கடல் தரையிலேயே உட்கார்ந்திருக்கும். கிணற்றின் தலையில் ஒரு வால்வுத் தொகுதி. பல கிணறுகளின் வாயுவை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டு. இரண்டையும் இணைக்கும் ஜம்பர் என்ற வளைந்த இரும்புக் குழாய். ஒவ்வொன்றையும் கப்பலின் கிரேனிலிருந்து கம்பியில் கட்டி இறக்கித்தான் வைத்திருக்கிறார்கள். முக்குளித்து வேலை செய்பவர்களின் எல்லை பெரும்பாலும் 300 மீட்டரோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே ஆர்.ஓ.வி. என்ற, மேலிருந்து கேபிள் வழியே ஓட்டப்படும் ரோபோதான் கண்ணும் கையும்.

நூறு டன் எடையுள்ள ஒரு மேனிஃபோல்டை இருட்டில், 200 மடங்கு காற்றழுத்தம் உள்ள இடத்தில், குறித்த புள்ளியிலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள் இறக்க வேண்டும். அது எந்தத் திசையைப் பார்க்க வேண்டுமோ அந்தத் திசையைச் சில பாகைக்குள் பார்க்கவும் வேண்டும். இதை எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் இரண்டு கேள்விகள் உண்டு. 'இந்தப் பொருள் பூமியில் எங்கே இருக்கிறது?' என்பது ஒன்று. 'பக்கத்தில் இருக்கும் பொருளிலிருந்து இது எவ்வளவு தூரம், எந்தத் திசை?' என்பது இன்னொன்று. புதிதாகப் படிப்பவர்கள் முதல் கேள்விதான் பெரிது என்று நினைப்பார்கள். உண்மையில் காசும் கஷ்டமும் இரண்டாவதில்தான்.

ஜிபிஎஸ் எதுவரை?

கப்பலின் மேல்தளம் வரை. செயற்கைக்கோளின் ரேடியோ அலையை உப்புத்தண்ணீர் விழுங்கிவிடும்; நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே போனாலே ஒன்றும் கிடைக்காது. வெளிச்சமும் சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். தண்ணீரில் தொலைதூரம் போகக்கூடியது ஒலி ஒன்றுதான்.

கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும், காற்றில் போவதைப்போல நாலு மடங்குக்கும் மேல். கேட்க வேகமாகத் தெரியும். ஆனால் 2,000 மீட்டர் கீழே இருக்கும் ஒரு கருவியிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்க 2.7 விநாடி ஆகிவிடும். அதற்குள் கப்பலும் நகர்ந்திருக்கும், கம்பியில் தொங்கும் பொருளும் நகர்ந்திருக்கும். அளவும் நுணுக்கமாக இருக்க வேண்டும்: ஒலி போய்ச் சேரும் நேரத்தில் ஒரு மில்லி விநாடி பிசகினால் தூரம் ஒன்றரை மீட்டர் பிசகும்.

ஆக, கடலடிப் புள்ளி ஒன்றுக்கு ஆயத்தொலைவு கொடுப்பது ஒரு சங்கிலி. செயற்கைக்கோள் கப்பலின் ஆன்டெனாவுக்கு இடம் சொல்கிறது. திருத்தச் சேவைகளோடு சேர்த்தால் பத்து சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியம் வரும். ஆன்டெனாவிலிருந்து கப்பலின் அடிவயிற்றில் இருக்கும் ஒலிக்கருவி வரை எத்தனை மீட்டர் முன்னே, பக்கத்தில், கீழே என்பதைக் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதே அளந்து வைத்திருப்பார்கள். கப்பல் ஆடுவதையும் சாய்வதையும் ஒரு அசைவுமானி சொல்லும். எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கைரோ சொல்லும். அங்கிருந்து கீழே ஒலி. சங்கிலியின் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் கீழே அது பெரிதாகத் தெரியும்.

இதற்கெல்லாம் முன்னால் கப்பல் ஓரிடத்தில் நிற்க வேண்டுமே! இந்த ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்பது சரிப்படாது. 1961-ல் மெக்சிகோவின் குவாதலூப் தீவுக்கு அருகே, பூமியின் மேலோட்டைத் துளைத்துப் பார்க்கும் மோஹோல் திட்டத்துக்காக கஸ் 1 என்ற கப்பல் சுமார் 3,500 மீட்டர் ஆழத்தில் துளையிட்டது. நான்கு பெரிய உந்திகளைக் கப்பலில் பொருத்தி, சுற்றிலும் மிதவைகளைக் கட்டிவைத்து, ரேடாரிலும் சோனாரிலும் அவற்றைப் பார்த்துப் பார்த்துக் கையால் ஓட்டியே ஓரிடத்தில் நிறுத்தினார்கள். இன்று அதே வேலையைக் கணினி செய்கிறது. டிபி (டைனமிக் பொசிஷனிங்) கப்பல் என்று சொல்வது இதைத்தான்.

ஒரு காதா, பல காதுகளா?

ஒலியை வைத்து இடம் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் பெரிதும் புழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது யு.எஸ்.பி.எல்., அதாவது மிகக் குறுகிய அடிக்கோட்டு முறை. கப்பலின் அடியில் ஒரே ஒரு தலை. அதற்குள் சில சென்டிமீட்டர் இடைவெளியில் பல ஒலிவாங்கிகள். இறக்கப்படும் பொருளில் டிரான்ஸ்பாண்டர் ஒன்றைக் கட்டி அனுப்புவார்கள். கப்பல் 'கூப்பிட்டால்' அது தன் சொந்தச் சங்கேதத்தில் பதில் சொல்லும். பதில் வர ஆன நேரத்திலிருந்து தூரம் கிடைக்கும். பதில் ஒவ்வொரு ஒலிவாங்கிக்கும் கொஞ்சம் முன்பின்னாக வந்து சேர்வதிலிருந்து கோணம் கிடைக்கும். தூரமும் கோணமும் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும்.

கடலடியில் எதையும் முன்கூட்டியே வைக்கத் தேவையில்லை என்பது இதன் வசதி. பலவீனம் கோணத்தில் இருக்கிறது. 0.1 பாகை தவறு என்பது 100 மீட்டர் ஆழத்தில் 17 சென்டிமீட்டர். 2,000 மீட்டர் ஆழத்தில் அதுவே மூன்றரை மீட்டர். ஆழம் கூடக் கூடத் தவறும் கூடிக்கொண்டே போகும். ஆர்.ஓ.வி. எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க இது போதும். மேனிஃபோல்டு வைக்கப் பல சமயம் போதாது.

இரண்டாவது எல்.பி.எல்., அதாவது நீண்ட அடிக்கோட்டு முறை. இதில் கோணமே கிடையாது, தூரம் மட்டும்தான். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிக் கடல் தரையில் நாலைந்து டிரான்ஸ்பாண்டர்களை, ஒன்றுக்கொன்று சில நூறு மீட்டர் இடைவெளியில், முதலிலேயே நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு சட்டத்தில் அல்லது எடைக்கல்லோடு கட்டி, தரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் நிற்கும். இல்லாவிட்டால் தரை மேடுபள்ளமே ஒலியை மறைத்துவிடும். மேனிஃபோல்டில் பொருத்திய கருவி இவை எல்லாவற்றையும் கேட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் தான் எத்தனை மீட்டர் என்று கணக்கிடும். மூன்று தூரமும் ஆழமும் தெரிந்தால் இடம் கிடைத்துவிடும். நான்காவதும் ஐந்தாவதும் சரிபார்க்க: ஏதாவது ஒரு தூரம் தப்பு என்றால் மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது, தூரம் அளப்பது கடல் தரைக்குள்ளேயே நடக்கிறது. கப்பலிலிருந்து தரை வரை உள்ள 2,000 மீட்டர் தண்ணீர் கணக்கிலேயே இல்லை. அதனால் ஆழம் எவ்வளவு இருந்தாலும் துல்லியம் பெரிதாகக் குறையாது. சாதாரணமாகவே சில பத்து சென்டிமீட்டருக்குள் நிற்கும்.

சரி, அந்த டிரான்ஸ்பாண்டர்கள் எங்கே இருக்கின்றன என்று யார் சொல்வது? இரண்டு கட்டமாகச் செய்வார்கள். முதலில் டிரான்ஸ்பாண்டர்கள் தங்களுக்குள் ஒன்றை ஒன்று கூப்பிட்டுத் தூரம் அளந்துகொள்ளும். அதிலிருந்து வலையின் வடிவம் சென்டிமீட்டர் கணக்கில் தெரிந்துவிடும். அப்புறம் கப்பல் ஒரு டிரான்ஸ்பாண்டருக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்து, பல நூறு இடங்களிலிருந்து அதன் தூரத்தை அளக்கும். எல்லாத் தூரங்களுக்கும் சேர்த்துப் பொருந்தும் ஒரே புள்ளியைக் கணினி தேடும். இந்த இரண்டாவது கட்டம்தான் வலையை உலக வரைபடத்தில் பொருத்துகிறது. முன்னால் சொன்ன இரண்டு கேள்விகளும் இங்கே தெளிவாகப் பிரிகின்றன. வலை முழுவதும் ஒரு மீட்டர் கிழக்கே தள்ளிக் குறிக்கப்பட்டிருந்தாலும் வேலைக்குப் பெரிய கெடுதல் இல்லை, எல்லாம் சேர்ந்தே தள்ளியிருக்கும். வலைக்குள் ஒரு டிரான்ஸ்பாண்டர் மட்டும் ஒரு மீட்டர் தவறாக இருந்தால் ஆபத்து.

(சுற்றிவந்து அளக்கும் இந்த முறையின் அடிப்படையை நிலநடுக்க ஆய்வாளர்களும் பயன்படுத்துகிறார்கள். 2011 மார்ச்சில் ஜப்பானைத் தாக்கிய பெரும் நிலநடுக்கத்தில், மையத்துக்கு அருகே கடல் தரை சுமார் 24 மீட்டர் நகர்ந்திருந்ததை ஜப்பான் கடலோரக் காவல்படை கண்டுபிடித்தது இப்படித்தான்.)

எல்.பி.எல்-லின் குறை செலவு. டிரான்ஸ்பாண்டர்களை வைப்பதும் அளப்பதும் எடுப்பதும் கப்பல் நேரத்தைத் தின்னும். ஆழ்கடல் கட்டுமானக் கப்பலின் ஒரு நாள் செலவே கோடிக்கணக்கான ரூபாய். அதனால் இப்போது ஒன்றிரண்டு டிரான்ஸ்பாண்டர்களை மட்டும் வைத்துவிட்டு, மீதியை இனர்ஷியல் கருவியிடம் விடுகிறார்கள். அது தன் அசைவைத் தானே உணர்ந்து, எங்கிருந்து எங்கே வந்தோம் என்று கூட்டிக்கொண்டே போகும். தனியாக விட்டால் நேரம் ஆக ஆக வழிதவறும். அவ்வப்போது ஒரு ஒலித்தூரம் கிடைத்தால் திருத்திக்கொள்ளும்.

ஒலியின் வேகம்: எல்லாக் கணக்கும் இதன் தலையில்

மேலே 1,500 என்று சொன்னேன். அது ஏட்டுக் கணக்கு. வெப்பம், உப்பு, அழுத்தம் மூன்றும் கூடினால் வேகம் கூடும். வங்காள விரிகுடாவின் மேற்பரப்பில் நீர் 29 பாகை செல்சியஸ் இருக்கும் ஒரு நாளில் வேகம் சுமார் 1,540 மீட்டர். 2,000 மீட்டர் கீழே வெப்பம் 3 பாகைக்குப் பக்கம்; அழுத்தம் ஏறியிருந்தாலும் வேகம் 1,495-ஐ ஒட்டித்தான் இருக்கும். நார்வேயின் ஓர்மென் லாங்கே வயலில் கடலடி நீர் பூஜ்யத்துக்கும் கீழே போகும். அங்கே கணக்கு இன்னும் வேறு.

தூரம் என்பது நேரத்தை வேகத்தால் பெருக்குவது. வேகத்தில் விநாடிக்கு ஒரே ஒரு மீட்டர் தப்பு என்றால் 2,000 மீட்டர் பாதையில் 1.3 மீட்டர் தப்பு. போதாததற்கு, வேகம் மாறும் அடுக்குகளைச் சாய்வாகக் கடக்கும்போது ஒலி வளையும். மேலே சூடு, கீழே குளிர் என்றால் அது கீழ்நோக்கி வளையும். கருவி அதை நேர்கோடு என்று நினைத்துக்கொண்டால் பொருளைத் தப்பான இடத்தில் காட்டும்.

அதனால் வேலைக்கு முன்னால் ஒரு அளவுமானியை மேலிருந்து அடிவரை இறக்கி, ஒவ்வொரு ஆழத்திலும் வேகம் என்ன என்று பதிவெடுப்பார்கள். மேல் அடுக்கில் சில மணி நேரத்திலேயே நிலைமை மாறலாம் என்பதால் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். என் கணிப்பில், இந்தத் துறையில் பகட்டே இல்லாத கருவி இதுதான், பேசப்படுவதும் குறைவு. கோடி ரூபாய் டிரான்ஸ்பாண்டர் வலைக்கு நேற்றைய வேகப்பட்டியலைக் கொடுத்தால் அது நேற்றைய கடலுக்கான விடையைத்தான் தரும்.

இதே ரகத்தில் இன்னொரு தொல்லை வரைபடம். ஆயத்தொலைவுகளை எந்த அடிப்படையிலிருந்து அளக்கிறோம் என்பதுதான் டேட்டம்; ஒரே ஆயத்தொலைவு எண் வெவ்வேறு டேட்டத்தில் வெவ்வேறு இடத்தைக் குறிக்கும். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் வயல் எல்லைகள் 1927-ம் ஆண்டு வட அமெரிக்க டேட்டத்தில் குறிக்கப்பட்டவை. செயற்கைக்கோள் தருவது அதுவல்ல. மாற்றாமல் போட்டால் பத்துக்கணக்கான மீட்டர் தள்ளிப்போகும். உருண்டையான பூமியைத் தட்டையாக்கிக் காட்டும் யு.டி.எம். வரைபடத்தின் நடுக்கோட்டில் தரையின் ஒரு கிலோமீட்டர் 999.6 மீட்டராகத்தான் வரும். வரைபட வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல. இது எதுவும் கடலின் குற்றமல்ல, தாளில் நடக்கும் தவறு. ஆனால் முதல் பொருளை இறக்குவதற்கு முன் சர்வேயர்கள் இருவர் தனித்தனியாக இதைக் கணக்குப்போட்டுச் சரிபார்ப்பார்கள்.

இறக்கும் நாள்

சில மீட்டருக்காக ஏன் இவ்வளவு பாடு? ஓர்மென் லாங்கேவைப் பாருங்கள். சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஸ்டோரெகா என்ற பெரும் கடலடிச் சரிவின் தழும்பில்தான் அந்த வயல் இருக்கிறது. தரை முழுக்கப் பல பத்து மீட்டர் உயரக் குன்றுகளும் குழிகளும். சமதளமான இடம் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் கிடைக்கும். கொஞ்சம் தள்ளி வைத்தால் பொருள் சரிந்து உட்காரும். தரை சமமாக இருக்கும் இடத்திலும், ஜம்பர் குழாயின் நீளமும் வளைவும் ஒரு எல்லைக்குள்தான் மாற முடியும். மேனிஃபோல்டு அதைத் தாண்டிப் போய்விட்டால் குழாய் எட்டாது.

பொருளைக் கடலில் இறக்குவது இலக்குக்கு நேர் மேலே அல்ல. கீழே ஏற்கெனவே கிணறோ குழாயோ இருந்தால், கம்பி அறுந்து விழுந்தாலும் அதன்மேல் விழாதபடி தள்ளிப்போய் இறக்கி, தரைக்குச் சில பத்து மீட்டர் உயரத்தில் நிறுத்திவிட்டு, அப்புறம் கப்பலையே மெல்ல நகர்த்தி இலக்குக்குக் கொண்டுவருவார்கள்.

கிணற்றில் வாளியை இறக்கும்போது கையைக் கொஞ்சம் நகர்த்தினால் வாளி உடனே கூட வரும். 2,000 மீட்டர் கம்பியில் அப்படி நடக்காது. அந்த நீள ஊசல் ஒருமுறை போய்த் திரும்பக் காற்றிலேயே ஒன்றரை நிமிடம் ஆகும். தண்ணீரில் இன்னும் மெதுவாகத்தான். வழியிலுள்ள நீரோட்டங்கள் கம்பியை வேறு வளைத்துவைத்திருக்கும். கப்பல் இரண்டு மீட்டர் நகர்ந்தால், கீழே விளைவு தெரியும்வரை பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மறுபடி நகர்த்தினால் ஆட்டம்தான் கூடும். நல்ல சர்வேயரின் அடையாளமே இந்தக் காத்திருப்புதான்.

மேலும் கீழுமான ஆட்டம் தனி. அலையில் கப்பல் எழும்பித் தாழும்போது பொருளும் தரையில் குத்தி எழும்பும். கிரேனில் உள்ள ஈடுசெய்யும் அமைப்பு, கப்பல் மேலே போனால் கம்பியை விட்டும் கீழே போனால் இழுத்தும், பொருளை ஓர் உயரத்தில் வைத்திருக்கும்.

திசையைச் சரிசெய்வது ஆர்.ஓ.வி.-யின் வேலை. பொருளின் மேலேயே ஒரு கைரோ பூட்டியிருப்பார்கள். அது காட்டும் எண் கப்பலில் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். ஆர்.ஓ.வி. ஒரு மூலையைப் பிடித்துத் தள்ளும். நூறு டன் பொருளாக இருந்தாலும் கம்பியில் தொங்குவதால் மெதுவாகத் திரும்பும். திரும்ப ஆரம்பித்தால் தானாக நிற்காது, எதிர்ப்பக்கம் தள்ளி நிறுத்த வேண்டும். இடம், திசை, உயரம் மூன்றும் ஒரே நேரத்தில் எல்லைக்குள் வரும் தருணம் பார்த்துக் கம்பியை விடுவார்கள்.

உட்கார்ந்ததும் சாய்வு பார்க்க வேண்டும். களிமண் தரையில் ஒரு பக்கம் கூடுதலாக அமிழலாம். சில இடங்களில் முதலிலேயே ஒரு பெரிய இரும்பு உருளையை நட்டுவிட்டு, அதன்மேல் பொருளைப் பொருத்துவார்கள். உருளையின் வாய் கீழ்ப்பக்கம் திறந்திருக்கும். தன் எடையில் கொஞ்சம் இறங்கியதும் ஆர்.ஓ.வி. உள்ளே இருக்கும் தண்ணீரை உறிஞ்சி எடுக்கும். வெளியே இருக்கும் கடலின் அழுத்தமே அதை மண்ணுக்குள் அழுத்திவிடும். துல்லியமாக வைக்க வேண்டியது அப்போது அந்த உருளையைத்தான்.

எல்லாம் சரி என்றால் கொக்கியைக் கழற்றிவிடலாம். சரியில்லை என்றால் கொக்கி மாட்டியிருக்கும்போதே தூக்கி மறுபடி வைக்க வேண்டும். கழற்றிய பின் மனம் மாறினால் செலவு பலமடங்கு.

குழாயை எத்தனை நீளத்துக்கு வெட்டுவது?

இனிதான் இரண்டாவது கேள்வி. மேனிஃபோல்டு இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அதற்கும் கிணற்றுக்கும் இடையே மாட்டப்போகும் ஜம்பர் கெட்டியான இரும்புக் குழாய். அதன் இரண்டு முனைகளும் மேனிஃபோல்டிலும் கிணற்றிலும் உள்ள இரண்டு இணைப்பு வாய்களில் சில சென்டிமீட்டர் பிசகுக்குள், அரை பாகை அளவுக் கோண வேறுபாட்டுக்குள் போய் உட்கார வேண்டும். எல்.பி.எல். தரும் பத்து இருபது சென்டிமீட்டர் துல்லியம் இதற்குப் போதாது.

அதனால் இரண்டு பொருள்களும் உட்கார்ந்த பிறகு, இருக்கும் நிலையை அப்படியே அளப்பார்கள். மெட்ராலஜி என்று இந்தத் துறையில் சொல்வது இதைத்தான். இரண்டு வாய்களுக்கும் அருகே பொருளிலேயே தாங்கிகள் செய்துவைத்திருப்பார்கள். தாங்கியிலிருந்து வாய் எத்தனை மில்லிமீட்டர் என்பது பொருள் பட்டறையில் இருக்கும்போதே அளந்து எழுதப்பட்டிருக்கும். அவற்றில் ஆர்.ஓ.வி. டிரான்ஸ்பாண்டர்களைச் செருகும். இரண்டும் ஒன்றை ஒன்று நூற்றுக்கணக்கான முறை கூப்பிட்டுத் தூரம் அளக்கும். ஒலியின் வேகத்தையும் அங்கேயே, அந்தத் தண்ணீரிலேயே அளப்பார்கள். 30 மீட்டர் தூரத்துக்கு விநாடிக்கு ஒரு மீட்டர் பிழை இரண்டு சென்டிமீட்டராகிவிடும் அல்லவா. வாய் ஒவ்வொன்றும் பார்க்கும் திசையைக் கைரோவும் சாய்வைச் சாய்வுமானியும் தரும்.

உயர வித்தியாசத்துக்கு ஒரு அழகான தந்திரம் உண்டு. ஒவ்வொரு வாயிலும் ஒரு அழுத்தமானி வைத்தால் இரண்டு கருவிகளின் வேறுபாடும் கலந்துவிடும். அதனால் ஒரே அழுத்தமானியை ஆர்.ஓ.வி. ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கும், திரும்ப முதல் வாய்க்குமாகப் பலமுறை கொண்டுபோய் அளக்கும். முதல் இடத்துக்குத் திரும்பியபோது எண் மாறியிருந்தால் அது கடல்மட்டம் ஏறி இறங்குவதன் வேலை, அல்லது கருவியின் அளவே மெல்லப் பிசகியிருக்கிறது; அதைக் கழித்துவிட்டால் சுத்தமான வித்தியாசம் கிடைக்கும். இப்போதெல்லாம் ஆர்.ஓ.வி. எடுக்கும் நூற்றுக்கணக்கான படங்களை ஒட்டிச் செய்யும் முப்பரிமாண மாதிரியும் லேசர் வருடலும் இந்த வேலைக்கு வந்துவிட்டன. தண்ணீர் தெளிவாக இருந்தால் மிக நன்றாகவே வேலை செய்கின்றன. கலங்கினால் மறுபடி ஒலிதான்.

இந்த எண்கள் பட்டறைக்குப் போகும். அங்கே இரண்டு போலி வாய்களை அதே தூரத்தில், அதே சாய்வில் நிறுத்தி, அவற்றுக்கு நடுவே குழாயை வெட்டிப் பற்றவைப்பார்கள். சில வாரம் கழித்து அந்த ஜம்பர் கடலுக்கு வந்து, இரண்டு முனையும் ஒரே நேரத்தில் இறங்கி, ஆர்.ஓ.வி. பூட்டைத் திருகும். பிறகு அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்ப்பார்கள்.

வேலை முடிந்ததும் டிரான்ஸ்பாண்டர்களுக்கு ஒலியிலேயே ஒரு கட்டளை போகும். எடைக்கல்லோடு இருக்கும் கொக்கி திறந்து, மிதவையின் பலத்தில் அவை மேலே வரும். சட்டத்தில் நிற்பவற்றை ஆர்.ஓ.வி. தூக்கிவரும். எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற கடைசி அளவுப் பட்டியல், எந்த டேட்டம், எந்த வரைபடம் என்ற குறிப்போடு வயலின் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்படும். சில ஆண்டுகள் கழித்து அதே வயலில் இன்னொரு கிணறு தோண்டக் கப்பல் வரும்போது, அதன் சர்வேயர் முதலில் கேட்பது அந்தப் பட்டியலைத்தான்.